மண்டை ஓட்டுக்கு ஒரு பைன் மரம்

முப்பது ஆண்டுகளாக மனிதர்கள் இல்மோ பூஸ்தினனிடம் கேட்டது ஒரே கேள்விதான். தூர்க்கு பல்கலைக்கழகத்தில் பின்லாந்து மக்களும் அவர்தம் மொழி உறவினரான வடநாட்டு இனங்களும் போற்றிய பழஞ்சமயங்களைக் கற்பிப்பவர் அவர் என்று தெரிந்தால் போதும், பல் மருத்துவர் முதல் ரயில் பரிசோதகர் வரை எல்லோரும், "அப்ப உங்களுக்குச் சாமி வருமா?" என்றார்கள். வராது என்றால் முகம் வாடினார்கள். ஓப் நதிக்கரையில், கரடியைக் கொண்டாடும் ஹந்தி மக்களோடு ஏழு குளிர்காலம் தங்கி, உறைந்த மீனைச் சீவித் தின்று, நானூறு கரடிப் பாடல்களைப் பதிவு செய்து வந்தவருக்கு, அந்த முகங்களைப் பார்ப்பதே பெரும் பாடாகிவிட்டது.

கரேலியப் பகுதியில், பிறந்த ஊரான காஸ்கிவாராவிலும் அதே கதைதான். அக்டோபரில் ஒரு வாரம் ஏரியில் வலை போடுவதற்காக அவரும் மனைவி மர்யுக்காவும் அங்கே வருவது வழக்கம். அந்த ஆண்டு வந்து இறங்கிய அன்றே வேட்டைச் சங்கத் தலைவர் சுலேவி அவரைச் சாவுனாக் குளியலுக்கு அழைத்தார். சாவுனாவின் வெந்நீராவியில் உட்கார்ந்து குரலை உயர்த்தக் கூடாது என்பது அவ்வூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். பேச்சு வார்த்தைக்கு அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது, மேல் படியில் ஏறி அமர்ந்த பிறகே இல்மோவுக்கு உறைத்தது.

"சங்கத்துக்கு ஒரு கரடி கெடச்சிருக்கு. சனிக்கிழமை விருந்து. எறநூறு பேரு. பட்டாணி சூப்பு, பீரு எல்லாம் சொல்லியாச்சு. நீங்கதான் பூசாரி, புரொபசரே."

"நம்ம கரேலியாவுல பூசாரி கிடையாது, சுலேவி. இது கல்யாணம் மாதிரி நடக்கும். கரடிதான் மாப்பிள்ளை."

"கல்யாணம்னா மேளம் வேணாமா? ஸ்கூல்ல கேட்டு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கோம். என் வீட்டுக்காரி கொம்பு வெச்ச தொப்பியே தெச்சிட்டா."

"மேளமும் நம்மளது இல்ல. அது வடக்க, லாப்லாந்துக்காரங்களோடது."

"வடக்குன்னா என்ன, ஒரு நாள் பயணம்தானே," என்று சொல்லிச் சுலேவி அடுப்புக் கல்லின் மேல் இன்னொரு கரண்டித் தண்ணீர் ஊற்றினார்.

இல்மோ பல்லைக் கடித்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது மண்டை ஓடு ஒன்றுதான். விருந்து முடிந்ததும் கரடியின் மண்டை ஓட்டை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பைன் மரத்தில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் கரடி வந்த வழியே விண்ணுக்குத் திரும்பும். அதைப் பற்றி மூன்று நூல்கள் எழுதியவர், சொந்த ஊரில் அதை ஒரு முறைகூடக் கண்டதில்லை. இங்கே மண்டை ஓட்டை வெளுத்து, அளந்து, பலகையில் பொருத்திச் சுவரில் மாட்டுவதே நடைமுறை.

"மண்டை ஓட்டை மரத்துல ஏத்துறதா இருந்தா வர்றேன்."

"சொவத்துல ஆணி அடிச்சாச்சே..." சுலேவி முதுகைச் சொறிந்தார். "சரி, ஏத்திடலாம். நீங்க தொப்பியைப் போட்டுக்கங்க."

சனிக்கிழமை நண்பகல், நைலான் குஞ்சம் தொங்கும் அங்கியோடும் கொம்புத் தொப்பியோடும் இல்மோ சங்கக் கூடத்தின் வாசலில் நின்றார். மாவட்டச் செய்தித்தாளின் புகைப்படக்காரர் மூன்று பக்கமும் சுற்றி வந்தார். திங்கட்கிழமை பல்கலைக்கழகத் துறையில் எத்தனை பேர் இதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டுவார்கள் என்று இல்மோ மனத்துக்குள் எண்ணத் தொடங்கினார்.

"கொம்பு ஒரு பக்கமா சாயுது," என்றாள் மர்யுக்கா. "மானம் போறதுன்னு ஆயிடுச்சு. நேராவாவது போகட்டும்."

உள்ளே மேசையின் தலைப்பக்கம் ஒரு தட்டில் மண்டை ஓடு; அதன் முன்னே ஒரு குவளை பீர். அவர்கள் சொன்னபடி இல்மோ மேளத்தைத் தட்டினார். கூட்டம் கைதட்டியது. சூப்பு இரண்டாம் முறை பரிமாறப்பட்டதும் சுலேவி ஒலிவாங்கியைப் பிடித்தார். "திங்கக்கிழமை அளவெடுக்க ஆளு வர்றாரு. மாகாணத்துலயே பெரிய தலை நம்மளதாத்தான் இருக்கும். அப்புறம் நம்ம சொவத்துல ஜம்முனு மாட்டிடுவோம்!"

இல்மோ ஒலிவாங்கியைப் பிடுங்கினார். சாவுனாவில் அடக்கியது, ரயிலில் அடக்கியது, பல் மருத்துவரின் நாற்காலியில் வாய் திறந்தபடி அடக்கியது எல்லாம் ஒன்றாகப் புறப்பட்டது.

"ரெண்டு மணி நேரமா இந்தக் கொம்பைச் சுமந்துக்கிட்டு நிக்கிறேன், சொவத்துல மாட்டத்தானா? நீ யாருய்யா முடிவு பண்ண? நீயா சுட்டே? வெய்யோதானே சுட்டான்! ஓட்ஸ் வயல்ல, ரெண்டு குண்டு! அவன் சொல்லட்டும்!"

இல்மோவோடு ஒரே பெஞ்சில் படித்த வெய்யோ, வெளுத்த முகத்தோடு எழுந்தான்.

"நான் சுடல."

அவன் சுட்ட கதையை அந்த வாரம் முழுவதும் அவன் வாயாலேயே கேட்டிருந்த ஊர், சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் அங்க இல்லவே இல்ல. அதுவாத்தான் வரப்புல கால் வழுக்கி விழுந்துச்சு."

இல்மோ ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார். கரடியின் தலைக்கு முன்னால் கொன்றவன் பெயரைச் சொல்லலாகாது. அதுவே தவறி விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். தம் இரண்டாம் நூலில் இதற்கென நாற்பது பக்கம் ஒதுக்கி, இக்காலத்தில் இவ்வழக்கு அடியோடு அற்றுப்போயிற்று என்று முடித்திருந்தார்.

"வெய்யோ, அப்படிச் சொல்லணும்னு உனக்கு யாருடா சொன்னது?"

"யாரு சொல்லணும்? எங்க வீட்ல வேற எப்படிச் சொல்லுவோம்? படிச்ச மடையா, அது காதுகிட்டயே மைக்கை வெச்சுக்கிட்டு எம் பேரைக் கத்துறியே! நாளைக்கும் நான் அந்தக் காட்டுக்குள்ளதானே போகணும்!" பிறகு சுலேவியின் பக்கம் திரும்பினான். "தலைவரே, எம் பேரைக் கேட்ட தலை சொவத்துல தொங்கிக்கிட்டுத் தினமும் என்னையே பாக்குமா? ஏணியை எடுங்க."

"அளவெடுக்க ஆளு..."

"ஏணி!"

ஊர்வலம் என்று அதைச் சொல்ல முடியாது. பாட்டு இல்லை, ஒழுங்கு இல்லை. ஒருவர் சூப்புக் கிண்ணத்தோடே வந்தார். வெய்யோ சொன்னதை அச்சொற்களிலேயே எழுதிவிட வேண்டும் என்று இல்மோ துடித்தார். குறிப்பேடோ அங்கிக்குள், கோட்டுப் பையில் இருந்தது. மேலே கழுத்தில் மேளம். ஏரிக்கரைப் பைன் மரத்தடியில் வெய்யோ அவரிடம் ஏணியைத்தான் பிடிக்கக் கொடுத்தான். மேலே ஏறி, கம்பியால் மண்டை ஓட்டைக் கட்டத் தொடங்கினான். அதன் முகம் மேற்கே, ஏரியைப் பார்த்தது.

பழைய ஏடுகளில் ஒன்றுகூட மேற்கு என்று சொல்லவில்லை. இல்மோவால் பொறுக்க முடியவில்லை.

"வெய்யோ, அது கிழக்க பாக்கணும்டா. சூரியன் உதிக்கிற..."

"கிழக்க எம் வீடு இருக்கு! ஏணியை ஒழுங்காப் பிடி."

இல்மோ பிடித்தார்.