மச்சான் கையால் வந்த அருள்

சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினேன். தலையில் வெங்காயம் சுமந்து சுன்னாகம் சந்தையில் விற்றேன். கல்வீடு கட்டினேன். மூன்று பெண்களைக் கரை சேர்த்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலைகள் இவை, அடியார்களே!

எண்பத்தாறாம் ஆண்டு மாசியில் எனக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. சளியும் இரத்தமுமாய்ப் போனது. இங்கிலீசு மருந்துக்கும் கேட்கவில்லை. எழும்பி நிற்கவும் பலமில்லை. சாவு தெரிந்தது.

என் மனைவியின் தமையன் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி. ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிடும். எனக்கு அது பொறுக்காது. கல் உடைத்த என் கையை யார் கும்பிட்டார்கள்?

"இஞ்சாருங்கோ, அண்ணையைக் கூப்பிடட்டே?" என்று மனைவி அழுதாள்.

"உன்ரை அண்ணற்றை கசாயத்தைக் குடிச்சுத்தானோ நான் பிழைக்கவேணும்?" என்றேன்.

கீரிமலைச் சிவனை நினைத்தேன். "அப்பனே, யாரையாவது அனுப்பு. அவரை மட்டும் அனுப்பாதே."

விடிய அவரே வந்து நின்றார். கையில் வில்வங்காயும் மாதுளந்தோலும் அவித்த கசாயம்.

"மச்சான், சண்டையைப் பிறகு பிடிப்பம். இப்ப வாயைத் திற."

குடித்தேன். மூன்றாம் நாள் இரத்தம் நின்றது. வேலிக்கு அப்பால் பெண்கள் பேசியது கேட்டது: "பரியாரியார் தொட்டால் சும்மாவே!" என் பிரார்த்தனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. வயிற்றை விட நெஞ்சு எரிந்தது. அவர் மருந்தும் பத்தியமும் இல்லாமலே நான் சுகமானவன் என்று காட்ட, பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ் வாங்கி இரண்டு கோப்பை குடித்தேன்.

பின்னேரமே முன்னையிலும் மோசமாகிவிட்டது. கண் இருண்டது. "அப்பனே, அவரையே அனுப்பு" என்று வாய்விட்டு அழுதேன்.

வந்தார். நாடி பிடித்தார்.

"கூழுக்குள்ளை நண்டும் போட்டதோ?"

"ஓம்."

"எனக்கும் கொஞ்சம் வைச்சிருக்கலாம்."

கசாயத்தைப் பருக்கினார்.

ஒரு மண்டலம் மிளகாய், புளி, புகையிலை தொடவில்லை. உடம்பு தேறியதும் கீரிமலைக் கேணியில் முழுகி, ஈரவேட்டியோடு சந்நிதியில் விழுந்து கும்பிட்டேன். இப்போது அவருடைய மூலிகைக்கு என் தோட்டத்தில் நான்கு பாத்தி விட்டிருக்கிறேன். பொறாமை முழுதாய்ப் போய்விட்டது என்றால் பொய். ஆனால் அவரைக் கண்டால் நான்தான் முதலில் கதைக்கிறேன்.

நோய் வருத்தத்தில் கிடப்பவர்களே, நம்பிக் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை அவனிடமே விடுங்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்லும்போது சிவனைச் சொல்லுங்கள். பரியாரியாரையும் சொல்லுங்கள். ஆனால் நாற்பத்தெட்டு நாள் உறைப்பில்லாத கஞ்சி குடித்தவன் நான். அதை விட்டுவிட்டுச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.