அழிக்க முடியாது என்று சொன்னேன்

எண்பதுகளின் நடுவில் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்து ஊரில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியராக இருந்தேன். அந்தப் பக்கத்தில் பலரும் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அச்சிட்ட கையேடு இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் புழு வளர்ப்பவர்களையே ஆளுக்கொரு பாடமாகப் பேசவைத்து, கேசட்டில் பதிந்து, என் வீட்டு முன்னறையில் வைத்திருந்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய்க் கேட்டுவிட்டுத் திருப்பித் தரலாம்.

பேசவைப்பது சுலபம். காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. நாடா சிக்கிக்கொண்டு வரும். தழை நறுக்கும் பாடத்தின் நடுவே சினிமாப் பாட்டு ஏறியிருக்கும். அதற்காக ஒவ்வொரு கேசட்டின் விளிம்பிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டேன். அது இல்லையென்றால் மேலே பதிய முடியாது. அந்த ஓட்டையில் காகிதம் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

மல்பெரிக்கு மருந்தடிக்கும் பாடத்தைச் சொன்னவர் ஓர் அம்மா. ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒரே மூச்சில் பேசினார். "எங்க வூட்டுக்காரரு பீடி பத்த வெச்சுக்கிட்டே புழு ரூமுக்குள்ள வருவாரு. உங்க வூட்லயும் அப்படி ஒரு ஆளு இருந்தா வெளக்கமாத்தால தொரத்துங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்ததும் பதிவாகியிருந்தது.

சில மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார்.

"சாரு, மருந்தடிச்ச அஞ்சு நாள்ல தழ பறிக்கலாம்னு சொல்லிப்புட்டேனுங்க. அது பழைய மருந்துக்கு. இப்ப கடையில குடுக்கறதுக்கு ரெண்டு வாரமாச்சும் ஆவணுங்க. கொஞ்சம் புழுவுக்குப் போட்டுப் பாத்தேன், அத்தனையும் போயிருச்சு. அத மட்டும் அழிச்சுட்டு மாத்திக்கலாங்களா?"

திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் மேசையில் கிடந்தன. ஒரு வாக்கியத்துக்காக நாடாவை முன்னும் பின்னும் ஓட்டி இடம் தேட வேண்டும்.

"துண்டை உடைச்சாச்சும்மா. இனி அழிக்க முடியாது" என்றேன்.

"அப்ப கேசட்டு வாங்க வர்றவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க சாரு."

இரண்டு பேரிடம் சொன்னேன். பிறகு மறந்துபோனேன்.

அடுத்த கோடையில் அந்த அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தார். அவருடைய கணவர் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வரத் தொடங்கினார். "ஒருக்கா போடுங்க சாரு" என்பார். பீடி பற்றிச் சொல்லும் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அவருக்காகத்தான் அந்தக் குரலில் கைவைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. இப்போது திருத்தினால், அன்றைக்கே திருத்தியிருக்கலாம் என்பது வெளியே வந்துவிடும்.

ஒரு ஞாயிறு, அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முதல்முறையாகப் புழு வளர்த்த ஓர் இளம்பெண் வாசலில் வந்து நின்றாள். போன மாதம் அதே கேசட்டை வாங்கிப் போனவள். ஒரு வார்த்தையும் சொல்லாமல்தான் கொடுத்திருந்தேன். கொண்டுவந்த செய்தித்தாளைத் தரையில் விரித்தாள். விரல் நீளப் புழுக்கள் பச்சையாகக் கக்கிச் சுருண்டு கிடந்தன.

"கூடு கட்ட ரெண்டு நாளுதாங்க இருந்துச்சு. இந்தம்மா சொன்ன மாரியேதான் செஞ்சேன். அஞ்சுக்கு ஆறு நாளாவே வுட்டேன். ஒரு தட்டு மிச்சமில்லீங்க."

கணவர் எழுந்து கேசட்டை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"அவ தப்பா சொல்லிட்டாளுங்களா சாரு?"

உங்கள் மனைவி திருத்தத்தான் வந்தார், நான்தான் பொய் சொல்லி அனுப்பினேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"ஆமாங்க. அப்படித்தான் பதிவாயிருக்கு" என்றேன்.

அவர் அந்தப் பெண்ணைக் கும்பிட்டார். "தெரிஞ்சு சொல்லிருக்க மாட்டாம்மா. மனசுல வெச்சுக்காத." அன்று மாலையே தன் புழுத் தட்டுகளில் பாதியையும் தழைக்கட்டையும் சுமந்துபோய் அவள் வீட்டில் இறக்கினார்.

நான் ஓட்டையில் காகிதம் ஒட்டி, அந்த ஒரு வாக்கியத்தின்மேல் சரியானதை என் குரலில் பதிந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மா பேசிக்கொண்டே வந்து சட்டென்று நிற்கிறார், நான் பேசுகிறேன், மறுபடி அவர் தொடர்கிறார். அவர் வாயைப் பொத்திவிட்டு நான் பேசியதுபோல இருந்தது.

கணவர் அதன்பிறகு வரவில்லை. பல மாதம் கழித்து மாரண்டஹள்ளியில் பாலக்கோடு பஸ்ஸுக்காக நின்றபோது பார்த்தேன்.

"அந்தக் கேசட்டு இன்னும் இருக்குதுங்களா சாரு?"

"இருக்குதுங்க. திருத்திட்டேன்."

"ரொம்ப நல்லதுங்க. அவளுக்கு ஒரு பாவம் கொறஞ்சுது."

பஸ் வரக் கால்மணி நேரம் இருந்தது. எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. நான் மழையைப் பற்றிப் பேசினேன்.