மர்கேத்தாவின் பிரேக்

குவோப்பியோ ஏரிக்கரையில் இருக்கும் மூளை ஆய்வுக்கூடத்தில் மர்கேத்தாவின் சிரிப்பு மாடிப்படி வரை கேட்கும். ஃபின்லாந்துக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால், அவர்கள் இவளைப் பார்த்ததில்லை. ஐம்பதை நெருங்குகிறாள். பேராசிரியர் ஆகவில்லை, ஆகவும் போவதில்லை. எலி மூளையைச் சீவல் சீவலாக வெட்டி, ஒரே ஒரு செல்லில் அதன் தோல் கிழியாமல் கண்ணாடி ஊசியைப் பதமாக ஒட்டவைத்து, அது பேசுவதைக் கேட்பதுதான் அவள் பிழைப்பு.

மூளை செல்லுக்கு இரண்டு ரசாயன உத்தரவுகள் வரும். குளுட்டமேட் வந்தால் ‘கிளம்பு’. காபா வந்தால் ‘அடங்கு’. காபா ஒரு கதவைத் திறக்கும், குளோரைடு உள்ளே பாயும், செல் அடங்கும். உள்ளே குளோரைடு குறைவாக இருக்கும்வரைதான் இந்த வித்தை பலிக்கும். அதனால் செல் ஓயாமல் அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும்.

வலிப்பில் நடப்பதுபோல் குளுட்டமேட்டைக் கொட்டிச் செல்லை வெறியேற்றினால் என்ன ஆகும் என்று மர்கேத்தா பார்த்தாள். அடக்க வேண்டிய காபாவே செல்லைக் கிளப்பிவிட்டது! பிரேக்கே ஆக்சிலரேட்டராகிவிட்டது. ஒவ்வொரு முறையும் திரையில் கீழே விழ வேண்டிய கோடு மேலே எகிறியதுமே கருவியை அணைத்துவிட்டு, இரண்டு மணிக் காப்பிக்கு ஓடி ஊரெல்லாம் சொன்னாள். தம்பேரேயில் நடக்கும் மாநாட்டுக்கு அதையே தலைப்பாக அனுப்பினாள். நிகழ்ச்சி நிரலில் அச்சிலும் ஏறிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் பெயருக்கென்று வந்த முதல் பெரிய சேதி அது.

பக்கத்து மேஜை இஸ்மோவுக்கு அடுத்தவர் சந்தோஷம் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்காது. இலவங்கப்பட்டை ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்.

“ஊசிக்குள்ள என்ன தண்ணி ஊத்தின?”

“எல்லாரும் ஊத்துறதுதான். குளோரைடு தூக்கலா. செல்லோட தோல் கிழிஞ்சா உடனே தெரிஞ்சிடும்ல?”

“எப்படித் தெரியும்?”

“ஊசியில இருக்கற குளோரைடு உள்ள கொட்டிடும். அப்புறம் காபா குடுத்தா செல் அடங்காம…” மர்கேத்தா பாதியில் நிறுத்தினாள்.

“கிளம்பும். அதானே உன் கண்டுபிடிப்பு? செல் மாறிச்சா, தோல் கிழிஞ்சிச்சா? எதுக்கும் பாத்துக்கோ தாயி.”

“நீ நாசமாப் போக!” என்று காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அவன்மேல், மீதி அவன் சொன்னதில் இருந்த நியாயத்தின்மேல். கிழிசலைக் காட்டிக்கொடுக்க இந்தத் தொழிலில் எல்லாரும் செய்யும் ஏற்பாடுதான் அது. ஆனால் கிழிசல் காட்டும் அடையாளமும் அவள் கண்டுபிடிப்பும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் எதை வைத்துப் பிரிப்பது?

வழி சுலபம், மனசுதான் வரவில்லை. ஊசியில் குளோரைடு குறைந்த தண்ணீரை ஊற்ற வேண்டும். அப்போது தோல் கிழிந்தால் உள்ளே குளோரைடு இன்னும் குறையும், பிரேக் இன்னும் பலமாகப் பிடிக்கும். அப்படியும் பிரேக் தளர்ந்தால் அது செல்லின் வேலையேதான். தளராவிட்டால் தம்பேரேக்குப் போய் நிற்க அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு நாள் கருவியைத் துடைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினாள். மூன்றாம் நாள் போய் உட்கார்ந்தாள்.

குளுட்டமேட் கொடுத்தாள். செல் துள்ளியது. பிறகு காபா. கோடு மேலே எகிறவில்லை. ஆனால் எப்போதும் தொபுக்கென்று விழும் கோடு, இன்று லேசாகச் சரிந்து நின்றுவிட்டது. பிரேக் ஆக்சிலரேட்டராகவில்லை, தளர்ந்திருந்தது. எகிறியதெல்லாம் கிழிசல்தான். அவளுக்கு அழுகை வந்தது. அணைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை மட்டும் பழக்கத்தில் அவ்வப்போது காபாவைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கோடு கொஞ்சம் இறங்கியது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம். கொஞ்ச நேரத்தில் பழையபடி தொபுக்கென்று விழுந்து அந்த அளவோடு நின்றது; தோல் கிழிந்திருந்தால் அதையும் தாண்டிப் போயிருக்கும். அடுத்தடுத்து எடுத்த செல்களும் அதையே சொல்லின. செல் தானே குளோரைடை வெளியே இறைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது! இதை அவள் ஒருமுறைகூட இருந்து பார்த்ததில்லை.

தம்பேரேயில் கூட்டம் நிரம்பி வழிந்தது, எல்லாம் தலைப்பைப் பார்த்து வந்தவர்கள். மர்கேத்தா மேடையேறி, “உங்க கையில இருக்கற தலைப்பு தப்பு. பிரேக் ஆக்சிலரேட்டரா மாறல. தளருது, அப்புறம் திரும்பி வருது. அவ்வளவுதான்” என்றாள். பின்வரிசையில் சிலர் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் கடைசிப் படம் வரை சொல்லி முடித்தாள்.

இறங்கி வந்தவளை ஒருத்தி மறித்தாள். ஹெல்கா, வலிப்புக் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர்.

“நாங்க வலிப்புக்குக் குடுக்கற மருந்து காபா வழியாத்தானே வேலை செய்யுது? வலிப்பு ரொம்ப நேரம் நீண்டுட்டா அது சரியாப் பிடிக்கிறதில்ல. உங்க தலைப்பைப் பார்த்துட்டுத்தான் ஓடி வந்தேன். அடக்கறதுக்குக் குடுத்ததே கிளப்பிவிட்டிருந்தா? போன மாசம் வலிப்பு நிக்காத ஒரு சின்னப் பொண்ணுக்கு அந்த மருந்தை ஊசியில போட்டது நான்தான்.”

“இது எலியோட சீவல்தாங்க…” என்று மர்கேத்தா இழுத்தாள்.

“தெரியும். இருந்தாலும் அந்தக் கடைசிப் படத்தை இன்னொரு தடவை காட்டுறீங்களா? பிரேக் திரும்பி வருதே, அதை.”

மர்கேத்தா மடிக்கணினியைத் திறந்தாள். வெறுமையாகிக்கொண்டிருந்த அரங்கில் இருவரும் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து, அந்தக் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்தார்கள்.