எடுத்துப்போக ஓர் ஆள்

மாடத்தி என்ற பெயரை ஞானபூரணி முதன்முதலில் கேட்டது, முகம் முழுக்கக் கட்டுப்போட்ட ஒரு மனிதனின் வாயிலிருந்துதான். அவள் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேர்ந்த புதிது. அறுபத்தொன்றாம் வருஷம், தீபாவளி சீசன் நெருங்கி, சிவகாசிப் பக்கம் ஆபீஸ் என்று சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலைகளில் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். நாரணாபுரத்து ஊர்க்காவலன் வெடிமருந்து சலித்துக்கொண்டிருந்த செட், அந்தக் கொட்டகை, உரசலில் பற்றிக்கொண்டது. லாரியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வந்ததிலிருந்து, "ஏட்டி மாடத்தி, ஏட்டி மாடத்தி" என்று கூப்பிட்டபடியே கிடந்தான். கூப்பிடத் தேவையே இல்லை. அவன் பெண்சாதி மாடத்தி அவன் கால்விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தாள். தொடுவதற்குத் தோல் மிச்சமிருந்தது அங்கேதான்.

ஞானபூரணி விருதுநகர் சவரியப்பன் வாத்தியாரின் மூத்த மகள். சொந்த ஊர்ப்பக்கத்துப் பேச்சு காதில் விழுந்ததும் அவளுக்கு மனசு ஒட்டிக்கொண்டது. உயிர் தப்பிவிட்டது, வீட்டில் வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வந்தால் போதும் என்று டாக்டர் சொன்னபோது, மாடத்தியை விட இவளுக்குத்தான் சந்தோஷம்.

"வீடா? எந்த வீடு நர்சம்மா?" என்றாள் மாடத்தி.

நாரணாபுரத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவரும் உடம்பா அது? போன வருஷம் அதே கம்பெனியில் கருகிய சங்கிலிமுத்துவை ஊருக்குத்தான் கூட்டிப்போனார்கள். கட்டு மாற்ற ஆளில்லை. புண் சீழ் வைத்து, ஆடி பிறக்குமுன் ஆள் முடிந்தான். மாடத்திக்கு அது கண்ணுக்குள்ளேயே நின்றது. தாலிச்சங்கிலியை விற்று மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு, மதுரையில் ஓர் அறைக்கு அலைந்தாள். வேலை முடிந்த நேரங்களில் ஞானபூரணியும் கூடப் போனாள்.

எந்த வாசலில் போய் நின்றாலும் ஒரே கேள்விதான். "இந்த ஊர்ல உங்களுக்கு யாரு ஜாமீன்?"

ஒரு குழாயடியில் பெண்கள் சிரித்தார்கள். "பட்டாசுக்காரியா? அடுப்புல என்னத்தையாவது போட்டு வளவையே கிளப்பிவிட்டுறாத தாயி!"

கடைசியில் சீனிவாசகம் என்பவரின் வளவில் ஓர் அறை இருந்தது. ஏழெட்டுக் குடித்தனத்துக்கு நடுவே, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். அவர் கெட்ட மனுஷரும் இல்லை. மோர் கொடுத்து உட்காரவைத்துத்தான் பேசினார்.

"வாடகையை விடும்மா, அது வரும், போகும். உன் வீட்டுக்காரருக்கு ஒண்ணுகிடக்க ஒண்ணு ஆச்சுன்னா எடுத்துப்போக ஆளு வேணும்ல? நடுவீட்டுல போட்டுக்கிட்டு ஒத்தப் பொம்பள நீ அழுதா, நான் என்ன செய்வேன்? அதுக்கு ஒரு ஆம்பள வந்து ஜாமீன் நிக்கட்டும். சாவியை வாங்கிக்க."

"நான் நிக்கிறேன்யா" என்றாள் ஞானபூரணி.

"நீங்க நர்சு விடுதியில இருக்கீங்க. மாத்தல் வந்தா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவீங்க. பாடை தூக்குவீங்களா?"

விருதுநகரிலிருந்து ஞானபூரணியின் அப்பாவை அழைத்து வரலாமென்றால், அவர் வாதத்தில் படுத்துக் கிடந்தார்.

மாடத்தி சொந்தத்தையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவள் அம்மா ஆனைக்குட்டத்தில் பிறந்தவள். அந்த அம்மாவுக்குச் சித்தப்பா மகன் பெத்தணன், ஒரு பஞ்சத்தில் மதுரைக்கு நடந்துபோனவன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். மாடத்திக்கு மாமன் முறை. விசாரித்து விசாரித்து அவனைக் கண்டுபிடித்து, மறுநாள் வெள்ளை வேட்டியோடு கூட்டிவந்தாள். ஞானபூரணியும் கூட வந்தாள். மாடத்தியின் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"இவுகதான் ஐயா, எங்க மாமா."

"அப்படியா, நல்லது. என்ன தொழில் பாக்கீங்க?" சாவி சீனிவாசகத்தின் கையில்தான் இருந்தது.

மாடத்திதான் முந்திக்கொண்டாள். "நீங்க கேட்ட ஆளுதான்யா. ஆத்தங்கரைச் சுடுகாட்டுல இவுகதான் எல்லாம் பாக்காக. ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கு ஒரு சங்கடமும் வராது."

அவள் ஊரில் சுடுகாட்டு வேலை பார்ப்பவர்தான் எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதலில் வந்து நிற்பவர். வாசலில் அவர் நிற்பதை யாரும் சகுனமாகப் பார்த்ததில்லை. கேட்டதைக் கேட்டபடியே கொண்டுவந்து நிறுத்திய நிம்மதியில் அவள் சாவிக்குக் கையை நீட்டினாள்.

சீனிவாசகம் சாவியை மடியில் சொருகிக்கொண்டார். மூவரும் தெருமுனையில் திரும்பும்போது ஞானபூரணி திரும்பிப் பார்த்தாள். அவர் மனைவி, பெத்தணன் நின்ற இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அழாத தாயி. என் சாய்ப்புல ஒரு பக்கம் சும்மாதான் கெடக்கு. அங்கன ஒருத்தரும் ஜாமீன் கேக்க மாட்டாக" என்றான் பெத்தணன். பிறகு, அவளைச் சிரிக்கவைக்க நினைத்தோ என்னவோ, "எங்கிட்ட வந்தவுக யாரும் திரும்பிப்போயி குறை சொன்னதில்ல" என்றான்.

சுடுகாட்டு மதிலை ஒட்டிக் கூரை இறக்கிய அந்தச் சாய்ப்பில்தான் ஊர்க்காவலனைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். மாடத்தி அவனைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டு மாற்றக் கூட்டிவருவாள். புண்ணும் ஆறித்தான் வந்தது. ஆனால் சிதையில் விறகு வெடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் பாயிலிருந்து துள்ளி விழுந்தான். கருகும் வாடை வந்தால் தன் கையையே முகர்ந்து பார்த்தான். சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, நான் இன்னும் செட்டுக்குள்ளதான் இருக்கேனா? வெளிய கூட்டிட்டுப் போயிரு ஏட்டி."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக்கூடாதா?" என்று ஞானபூரணி கெஞ்சிப் பார்த்தாள். மாடத்தி தலையை ஆட்டினாள். "பொறுத்துக்கிடுறது அவுகதான நர்சம்மா? பொறுத்துக்கிடுங்கன்னு என்னால எப்படிச் சொல்ல முடியும்?"

புண் முழுக்க மூடுமுன்னே நாரணாபுரத்துக்குப் போய்விட்டார்கள். மாசியில், அப்பாவைப் பார்க்க விருதுநகர் வந்த ஞானபூரணி அப்படியே பஸ் ஏறி அங்கே போனாள். தெரு முழுக்கக் கூட்டம். ஊர்க்காவலனைப் பாடையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோள் கொடுக்க ஆட்கள் ஒருவரை ஒருவர் முண்டிக்கொண்டிருந்தார்கள்.

மாடத்தி இப்போது நாரணாபுரத்தில்தான் இருக்கிறாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறாள்.