எஞ்சின் இல்லாத அம்பாசிடர்

கோவில்பட்டி ரயில்வே ஸ்டேஷன் வாசல் டாக்ஸி வரிசையில் எஞ்சினே இல்லாத ஒரு அம்பாசிடர் பதினோரு நாள் நின்றது என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய லிங்கராஜுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாசம். எஞ்சின் அல்லாபிச்சை பாய் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"எஞ்சினச் சரிபண்ணிரலாம் லிங்கராஜு. அது உக்காருத எடம்தான் துருப்பிடிச்சு அப்பளமாப் போச்சு. மாட்டுனா கயத்தாறு போகுமுன்ன கீழ விழுந்துரும். பேசாம வேற வண்டி பாரும்."

"எப்படியாவது வெல்டு வச்சுக் குடுங்க பாய்."

"எதுல வைக்க? தகடு இருந்தால்லா வெல்டு நிக்கும்!"

வேறு வண்டிக்கு வழி இல்லாமல் இல்லை. விளாத்திகுளத்து மச்சினன் தன் மாருதி வேனைக் கொடுக்கத் தயாராக இருந்தான். ஆனால் அந்த ஸ்டாண்டில் ஒரு சட்டம் இருந்தது. வரிசையில் இடம் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. வண்டி மாறினால் இடம் போச்சு. ஒரு நாள் வரிசைக்கு வராவிட்டாலும் இடம் போச்சு.

அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் யார்? சாட்சாத் லிங்கராஜேதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், டாக்ஸி சங்கத்துச் செயலாளர் என்று மிதப்பில் திரிந்த காலத்தில். கடற்கரை என்ற சக டிரைவர் பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புது வேன் எடுக்க அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தான். 'புது வேன் வந்துட்டா நம்ம டப்பாவுல எவம்லே ஏறுவான்?' என்று வயிறெரிந்து, ஒரே நாளில் எல்லாரையும் கைதூக்க வைத்தான் லிங்கராஜ். கடற்கரைக்கு அட்வான்ஸும் போனது. பெண்டாட்டி சங்கிலியை விற்றுப் பழைய அம்பாசிடரையே ரிப்பேர் பார்த்தான். இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறான்.

இப்போது லிங்கராஜ் அதே சங்கத்தில் போய்க் கெஞ்சினான். யாரும் திட்டவில்லை. எல்லாரும் கடற்கரையைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு நாயம், ஒங்களுக்கு ஒரு நாயமா அண்ணாச்சி?" அவ்வளவுதான் கேட்டான் கடற்கரை.

சட்டத்தில் வண்டி நிற்கவேண்டும் என்றுதான் இருந்தது, ஓடவேண்டும் என்று இல்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினான் மனுஷன். தினமும் காலையில் அவனும் பெண்டாட்டி ஆறுமுகத்தாயும் வீட்டிலிருந்து வண்டியைத் தள்ளினார்கள். விட்டுவிட்டு அவள் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடுவாள். முன்வண்டி சவாரி போனால் இவன் ஒற்றை ஆளாகத் தோளைக் கொடுத்து முன்னேறுவான். முதல் இடத்துக்கு வந்ததும், ரயிலில் இறங்கி வருகிறவர்களிடம், "பின்னால உள்ள வண்டில ஏறுங்க" என்பான். சவாரியை விட்டவன் கடைசிக்குப் போகவேண்டும். அங்கே கொண்டுபோய் நிறுத்தி, மறுபடியும் தள்ளுவான்.

"எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. வேன வாங்கி எங்கயாவது போயி ஓட்டுங்களேன்" என்றாள் ஆறுமுகத்தாய்.

"ஸ்டாண்டு இல்லாதவன எவன்ட்டி சவாரிக்குக் கூப்பிடுவான்? இருபது வருசமா நின்ன எடம். இதையும் விட்டுட்டு நான் எங்கன போயி நிக்க?"

அவள் அழுதுகொண்டேதான் தள்ளினாள்.

பதினோராம் நாள் காலை, மதுரை ரயில் வந்து முன்னால் நின்ற மூன்று வண்டியும் ஒரே மூச்சில் போய்விட்டன. அவ்வளவு தூரம் தள்ளவேண்டும், அதுவும் ஏற்றத்தில். தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. செருப்பு வழுக்கி முழங்கால் தாரில் அடித்தது. முன்னால் இடத்தை நிரப்பாதவனைப் பின்வண்டி முந்திக்கொள்ளலாம்; முந்திவிட்டால் அவனுக்கு ஸ்டாண்டிலேயே இடம் கிடையாது. பின்னால் நின்றது கடற்கரை. அவன் வண்டி உறுமியது. 'போட்டும், முந்திப் போட்டும். இத்தோட விட்டது சனி' என்று லிங்கராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

உறுமல் நின்றது. கதவு திறந்தது. கடற்கரை வந்து டிக்கியில் கையை வைத்தான்.

"உள்ள ஏறி ஸ்டியரிங்கப் பிடிங்க அண்ணாச்சி. நான் தள்ளுதேன்."

அவன் முந்திப் போயிருந்தால்கூட லிங்கராஜ் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. வண்டி நகர்ந்தது. நேர் எதிரே காலி இடம். லிங்கராஜ் ஸ்டியரிங்கை ரோட்டுப் பக்கம் ஒடித்தான்.

"என்ன செய்யுதீய? எடம் அங்கனல்லா இருக்கு!"

"தெரியும்லே. நிப்பாட்டாத, ரோடு வரைக்கும் தள்ளு. அங்க இருந்து பழைய இரும்புக் கடை வரைக்கும் எறக்கம்தான், நான் பாத்துக்கிடுதேன். நீ போயி ஒன் வண்டிய அந்த எடத்துல போடு."