யோவ் என்று கூப்பிட்டவன்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு திருப்பூர், ஓசூர், பாலக்காடு என்று போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவரோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். குடிப்பவன், தூக்கத்தில் உளறுபவன், என் சோப்பைத் தேய்ப்பவன் எல்லாரையும் பார்த்தாயிற்று. திண்டிவனத்தில் கிடைத்தவன் வேறு மாதிரி. அவன் அறையில் இருப்பதே தெரியாது.

கமிட்டியில் மூட்டை தூக்க அங்கே போயிருந்தேன். விவசாயிகள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் கொண்டுவந்து ஏலத்தில் விற்கும் இடத்தை அந்தப் பக்கம் கமிட்டி என்பார்கள். பக்கத்துத் தெருவில், ஒரு தையற்கடை மாடியில் அறை. என்னோடு தங்க வந்தவன் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். சொந்த நிலத்தில் கரும்பு போடும் குடும்பம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் புதிதாகக் கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தான். என்னைவிட மூன்று வயது சின்னவன்.

முதல் மாதம் அவன் என்னிடம் பேசியது, "சாவி ஆணியில இருக்குதுங்க" என்பது மட்டும்தான். அறைக்கு ஒரே சாவி. படிக்கட்டில் ஒரு பழைய காலண்டருக்குப் பின்னால் ஆணி இருந்தது. கடைசியாக வெளியே போகிறவன் சாவியை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். என்னை அண்ணா என்றோ பெயர் சொல்லியோ அவன் கூப்பிட்டதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் திரும்பிப் பார்க்கும்வரை நின்றுகொண்டிருப்பான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான். துவைத்த உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவான். அது காயவே காயாது.

ஒருமுறை ஊருக்குப் போய்விட்டு வந்தவன், அவித்த மல்லாட்டையை ஒரு கவரில் போட்டுச் சாவியோடு ஆணியில் மாட்டியிருந்தான். தின்றேன். மறுநாள் அதே ஆணியில் நான் இரண்டு வாழைப்பழம் மாட்டினேன். அப்படியே பழகிவிட்டது. ஒரு மூட்டை சரிந்து என் முதுகு பிடித்துக்கொண்டபோது ஒரு தைலப் புட்டி தொங்கியது. நான் அவனிடம் வலியைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மெல்ல மெல்ல அவன் சுவரை விட்டுத் திரும்பி, என் பக்கம் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாட்டை உரித்துக்கொண்டே சொன்னான்: "ஊருக்குப் போனா எங்கண்ணன், ஊமை கண்டக்டரு வர்றாருன்னு சொல்லிச் சிரிக்குதுங்க."

விஷயம் எனக்கு முன்பே தெரியும். அவனுடைய டிரைவர் டீக்கடையில் புலம்பியிருந்தார். "நல்ல பையன்பா. ஆனா பஸ் ஸ்டாண்டுல நின்னு ஊர் பேரச் சொல்லிக் கூவணுமா இல்லியா? இவன் வாயில கொழுக்கட்டைய வச்சிக்கினு நிக்கறான். பின்னாடி வண்டிக்காரன் எல்லாரையும் அள்ளிக்கினு போயிடறான். கூட்டேரிப்பட்டுல எறங்க வேண்டிய அம்மா, இவன் சொன்னது காதுல விழாம விக்கிரவாண்டி வரைக்கும் வந்துட்டு என்னைத் திட்டுது. இந்த மாசம் பாப்பேன், அப்புறம் வேற ஆளுன்னு ஓனர் சொல்லிட்டாரு."

வேலை போனால் அவன் அண்ணனிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பாத்ரூமில் குழாய் திறந்துவிட்ட சத்தம். அதற்கு நடுவில் ஒரு குரல். "விழுப்புரம், விழுப்புரம், விழுப்புரம்!" நல்ல கனமான குரல். அவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். கதவைத் தட்டி, "விழுப்புரம் ஒண்ணு குடுங்க கண்டக்டர்!" என்று கத்தினேன்.

குழாய் நின்றது. அரைமணி நேரம் அவன் வெளியே வரவில்லை. வந்ததும் நேராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அதன் பிறகு ஆணியில் சாவி மட்டும்தான் தொங்கியது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். இதற்கு முன் இப்படி ஏதாவது ஆனால் அறையை மாற்றிவிடுவேன், அதுதான் சுலபம்.

அந்த வாரம் நான் விழுப்புரம் போக வேண்டியிருந்தது. ஊர் ஊராகச் சுற்றியதில் என் ஆதாரில் இன்னும் திருப்பூர் விலாசமே இருந்தது. அதை மாற்றத் திண்டிவனத்தில் கூட்டம் அதிகம். முன்னால் கிளம்பிய இரண்டு பஸ்களை விட்டுவிட்டு அவன் பஸ்ஸில் ஏறிப் பையை சீட்டில் வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவன் கீழே, தோல் பையைக் கையால் பிடித்தபடி நின்றான். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. பின்னாலிருந்த பஸ்காரன் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தான். இறங்கி நானே கூவிவிடலாமா என்று தோன்றியது. கமிட்டியில் கத்திப் பழகிய குரல்தான். ஆனால் ஒருமுறை அவனை அவமானப்படுத்தியது போதும் என்று இருந்துவிட்டேன். சும்மா உட்காரவும் முடியாமல் இறங்கிப் போய், தள்ளுவண்டிக்காரரிடம் அவித்த மல்லாட்டை இரண்டு பொட்டலம் கட்டச் சொன்னேன்.

அதற்குள் டிரைவர் வந்துவிட்டார். நேரமாகிவிட்டது, பின்வண்டி ஹாரனை விடாமல் அடிக்கிறது, பஸ் நகர்கிறது. நான் பொட்டலத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"யோவ்!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பின்படியில் தொங்கிக்கொண்டு அவன்தான்.

"யோவ்! எங்கய்யா நின்னுக்கினு இருக்க? ஜல்தி ஏறுய்யா! விழுப்புரம் கெளம்புது, விழுப்புரம்!"

நான் ஓடினேன். பின்வண்டியில் ஏற நின்ற மூன்று பேரும், தங்களைத்தான் திட்டுகிறான் என்று நினைத்து, என்னோடு ஓடிவந்து ஏறினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இவ்ளோ நாளா இந்தக் கொரல எங்கடா வச்சிருந்த?" என்றார்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்வரை அவன் என் சீட்டுப் பக்கம் வரவில்லை. வந்ததும் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "சாரிங்க. வாய் தவறி வந்துடுச்சுங்க" என்றான்.

"இன்னொரு வாட்டி ங்க போட்டன்னா இங்கயே எறங்கிடுவேன்."

டிக்கெட்டை என் கையில் திணித்தான். "ஓடற வண்டியில எப்படிய்யா எறங்குவ?"

ஒரு பொட்டலத்தை அவனிடம் கொடுத்தேன். பாத்ரூம் கதவைத் தட்டியது தப்பு என்றும் சொன்னேன். அவன் ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "தண்ணிதான் வீணாப் போச்சு" என்றான்.

விழுப்புரத்தில் விண்ணப்பத்தில் தையற்கடை மாடி விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அவன் பஸ் பக்கத்தில் நின்று, "திண்டிவனம், திண்டிவனம்" என்று கூவிக்கொண்டிருந்தான். நடுவில் குரல் உடைந்தது. இருமிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தான். உள்ளே பாதிக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன், அவன் என்னையும் கூப்பிடட்டும் என்று.