ப்ளசிதாவின் மூன்று மணிச் சாக்லேட் சீசா

எங்கள் ஏரிக்கரைத் தெருவில் பிற்பகல் மூன்று மணி அடித்தால் இரண்டு காரியம் நடக்கும். வானொலியில் இறை இரக்க ஜெபம் தொடங்கும். எதிர்வீட்டு ப்ளசிதா வாசலில் நாற்காலியைப் போட்டுச் சாக்லேட் கலந்த வேர்க்கடலை வெண்ணெய்ச் சீசாவைத் திறப்பாள். நாங்கள் முழந்தாளிடும் நேரம் அவள் மூடியைத் திருகுவாள்.

மகன் ரோஹெலியோ கப்பலில் சமையல்காரன். வருஷத்துக்கு ஒரு பெட்டி அனுப்புவான். சோப்பும் டின் இறைச்சியும் இருக்கும், கூடவே இந்தச் சீசா ஆறோ ஏழோ. அவற்றை அவள் கண்ணாடி அலமாரியில் பெயர்ச்சீட்டு தெருவைப் பார்க்கும்படி அடுக்குவாள். மாதா சொரூபத்துக்கு ஒரு தட்டு மேலே. ஆமாம், மேலேதான்.

அவள் தின்பதைப் பார்க்க வேண்டும். பன்டேசல் ரொட்டியைப் பிளந்து, கத்தி நிறைய அள்ளி, சுவர் பூசுவதுபோல் அப்புவாள். ஒரு கடி. மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை நாக்கால் மெள்ள மெள்ள இறக்குவாள், கண் சொருகிப்போகும். நற்கருணை வாங்கும்போதுகூட அந்த முகத்தில் அவ்வளவு பக்தியை நான் கண்டதில்லை. அவள் புருஷன் உயிரோடிருந்த வரை அவனுக்குச் சந்தைக் கடலை வெண்ணெய்தான் கிடைத்தது.

வாயில் கவளம் இருக்கும்போது யார் கடந்து போனாலும் "வாங்க சாப்பிடலாம்" என்று கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை. "இப்பதான் சாப்பிட்டேன்" என்று நடையைக் கட்டுவது கடந்து போகிறவரின் மரியாதை. ப்ளசிதா என் மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவு முறையில் என்னை "மாரே" என்பாள். "மாரே, வா சாப்பிடலாம்!" என்று குரல் தெருக்கோடி வரை போகும். அதற்குள் இடது கை சீசாவை மூடியிருக்கும்.

இந்த வருஷம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் ஊர்ப் புனிதர் சான் ரோக்கேயின் திருவிழாவுக்கு ஹெர்மானாவாக வேண்டும். ஹெர்மானா என்றால் பவனியில் புனிதருக்குப் பின்னால் முதல் ஆளாக நடக்கலாம், தோரணத்தில் பெயர் இருக்கும். ஆனால் திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபமான நவநாளின் கடைசி நாள் வந்தவருக்கெல்லாம் அவள்தான் சோறு போட வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்பே அன்னாசி நார் உடை தைத்துவிட்டாள். மகனுக்கும் சொல்லியாயிற்று.

முடிவு செய்கிறவள் ஹொனொராத்தா அக்கா, பங்குக் கோயில் மாதர் சங்கத் தலைவி. அவளும் சங்கத்து லூர்திங்கும் ஒரு நாள் ஹெர்மானாவுக்கு ஆள் பார்க்க வந்தார்கள், கோயில் பீடத் துணி துவைக்கிற நானும் கூடப் போனேன். வெயிலில் வீடு வீடாக அலைந்து அங்கே சேரும்போது மூன்று மணி ஜெபம் முடிந்திருந்தது.

"வாங்க அக்கா, வாங்க, சாப்பிடலாம்!" என்றாள் ப்ளசிதா, முகமெல்லாம் பல்லாக.

ஹொனொராத்தா அக்கா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். "சரி, கொண்டா. பசி உயிர் போகுது."

மூடியில் இருந்த கை அப்படியே நின்றது. புருஷனைப் புதைத்த அன்றுகூட ப்ளசிதாவின் முகம் அப்படி ஆகவில்லை.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கே, அக்கா?"

"எனக்கெங்க? அது என் வீட்டுக்காரருக்கு."

"லூர்திங்குக்குக் கடலை ஒத்துக்காதே?"

"கடலை வறுத்து வித்துத்தான் நாலு பிள்ளைய வளர்த்தேன்," என்றாள் லூர்திங்.

வேறு வழியில்லாமல் ஒரே ஒரு ரொட்டியை எடுத்து மூன்றாக அறுத்தாள். கத்தி நுனியைச் சீசாவில் தொட்டு ரொட்டியில் இழுத்தாள். நெற்றியில் சாம்பல் வைக்கிற சாமியாரே இதைவிடத் தாராளமாகப் பூசுவார்.

லூர்திங் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "சாக்லேட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"மெதுவா மென்னா தெரியும்."

"அலமாரியில இன்னும் அஞ்சு நிக்குதே, ஒண்ணைத் திறயேன்."

"வரிசை கலைஞ்சிடுமே!"

சான் ரோக்கே சொரூபத்தின் காலடியில் ஒரு நாய் நிற்கும், நோயில் கிடந்தவருக்கு வாயில் ரொட்டி கவ்வி வந்த நாய். இவளை அந்த நாயோடு ஒப்பிட மாட்டேன், நாய்க்கு அவமானம்.

ஹொனொராத்தா அக்கா துண்டை ஒரே வாயில் போட்டு, கையைத் தட்டி, சிலுவை போட்டாள். "கடைசி நவநாளுக்கு முந்நூறு பேராவது வருவாங்க, ப்ளசிதா."

"எல்லாருக்கும் வயிறு நிறையப் போடுவேன், அக்கா. ஆணையா!"

"அதான் பார்த்தோமே. ஹெர்மானாவா பசில்யா இருக்கட்டும். நீ பவனிக்கு மெழுகுவர்த்தி கொடு. அதை யாரும் திங்கக் கேட்க மாட்டாங்க."

பசில்யா முச்சந்தியில் வாழைப்பழம் பொரித்து விற்பவள், ஒன்று கேட்டால் இரண்டு கொடுப்பாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் ப்ளசிதா அழுதாள். உடைக்காக அழுகிறாள் என்று நினைத்து, பாவம், முதுகைத் தடவினேன்.

"கூப்பிட்டா உட்கார்ந்து தின்னுடறதா, மாரே? என்ன வளர்ப்பு இது!" என்று விம்மிக்கொண்டே கத்தியை வழித்து நக்கினாள்.

பவனி அன்று மாலை அந்த உடையை உடுத்திக்கொண்டுதான் வந்தாள். கட்டுக் கட்டாக மெழுகுவர்த்தி கொடுத்தாள், குறை சொல்லக் கூடாது. ஒவ்வொன்றும் ஈர்க்குச்சி கனம். சந்தைத் திருப்பம் வருவதற்குள் எல்லாம் எரிந்து தீர்ந்தன. மீதி வழியைப் புனிதர் இருட்டில்தான் போனார்.